எக்ஸ்பல்ஸ் வாங்கிய கதையும் முதல் 1,100 கிலோமீட்டரும்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளுக்குச் சென்று தீவனம், நோய்த்தடுப்பு ஆகியவை பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். எருமப்பட்டி, புதுச்சத்திரம், மோகனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தார்ச்சாலை பண்ணையின் வாசல் வரை வந்து சேர்வதில்லை. நோய் பரவாமலிருக்க ஊரை விட்டும் அடுத்த பண்ணையை விட்டும் தள்ளிக் கொட்டகை போடுவதே முறை என்பதால், கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் செம்மண்ணும் சரளைக்கல்லும் தீவன லாரியின் சக்கரம் பதித்த பள்ளமுமாகத்தான் இருக்கும். பதினோரு ஆண்டுகள் அந்தத் தடங்களில் ஒரு 125 சிசி வண்டியை ஓட்டினேன். அதன் முன்பக்க அலாய் சக்கரத்தில் இரண்டாவது முறையாக விரிசல் கண்டபோதுதான், வண்டியைக் குறை சொல்வதற்கு முன், அந்த வண்டியை எந்தப் பாதையில் ஓட்டுகிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கான விடையாக இப்போது வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200, நான்கு வால்வு வகை. வாங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. ஓடோமீட்டர் 1,100ஐத் தாண்டியிருக்கிறது. ஒரு வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இது போதாது என்றாலும், முதல் மயக்கம் தெளிந்து எழுதுவதற்குப் போதும்.

டூயல் ஸ்போர்ட் என்ற வகை நம்மூரில் இன்னும் பலருக்குப் பழகாத ஒன்று. பதிவெண் பலகையும் இண்டிகேட்டரும் பொருத்தப்பட்டுச் சாலையில் முறைப்படி ஓட்டத்தக்கதாகவும், அதே வண்டியை மண்ணிலும் கல்லிலும் இறக்கத்தக்கதாகவும் அமைந்தால் அது டூயல் ஸ்போர்ட். இதே நிறுவனம் 2011இல் இம்பல்ஸ் என்ற பெயரில் 150 சிசி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது; வாங்குவோர் குறைவாக இருந்ததால் அது நீடிக்கவில்லை. அப்போது எனக்கும் அது காட்சிப்பொருளாகத்தான் தெரிந்தது. பின்னர் 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. 2021இல் எஞ்சினுக்கு இரண்டுக்குப் பதிலாக நான்கு வால்வுகள், அதாவது காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் திறந்து மூடும் அடைப்புகள், கிடைத்தன.

வாங்குவதற்கு முன் மூன்று வாரங்கள் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பக்கமும் மனம் சாய்ந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. 40 பிஎஸ் ஆற்றல், ஆறு கியர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், அத்துடன் லடாக் வரை போய்வரலாம் என்று யாரைக் கேட்டாலும் சொல்லும் ஊக்கம். ஆனால் அதன் எடை 196 கிலோ. எக்ஸ்பல்ஸின் எடை 159 கிலோ. விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாழ்நாளில் ஒருமுறை லடாக் போகும் வண்டி எனக்கு வேண்டுமா, வாரத்தில் ஆறு நாள் எருமப்பட்டி போகும் வண்டி வேண்டுமா என்று தாளில் எழுதிப் பார்த்தபோது, மனம் கொஞ்சம் சுருங்கினாலும், விடை தெளிவாகவே இருந்தது.

வண்டியை எடுக்கப் போன அன்று மகிழ்ச்சியைவிடப் பதற்றமே அதிகம். இருக்கையின் உயரம் 825 மி.மீ.; என் உயரம் 165 செ.மீ. எண்ணாகப் படிக்கும்போது உறைக்காதது, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தபோது உறைத்தது. இரண்டு காலையும் ஊன்ற முயன்றால் இரண்டு பக்கமும் விரல் நுனிதான் படுகிறது. ஒரு காலை முழுதாக ஊன்ற வேண்டுமானால் இடுப்பை ஒருபுறம் சரித்து, அரை இருக்கையில் உட்கார வேண்டியிருக்கிறது. ஷோரூம் வாசலில் சாய்வுத்தளம் இருந்தது; அதில் வண்டியை இறக்கித் தெருவில் திரும்பும் வரை, பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை. வீட்டில் அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏறுறதுக்கு ஏணியும் சேத்துக் குடுத்தாங்களா சாமி?" என்று கேட்டார்.

உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. பாதையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன் ஃபோர்க் 190 மி.மீ. வரையும் பின் மோனோஷாக் 170 மி.மீ. வரையும் அமுங்கி எழக்கூடியவை. அந்த அசைவுக்கு இடம் விட்டு, அதற்கும் கீழே 220 மி.மீ. தரை இடைவெளியும் வைத்தால் இருக்கை மேலே போகாமல் வேறெங்கே போகும்? சக்கரங்களின் கணக்கும் அப்படியே. அன்றாட வண்டிகளில் 17 அல்லது 18 அங்குலச் சக்கரங்கள் இருக்க, இதன் முன்சக்கரம் 21 அங்குலம். தடத்தில் கைப்பிடி அளவுக் கல் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய சக்கரம் அந்தக் கல்லை நேருக்கு நேராக இடிக்கிறது. பெரிய சக்கரமோ சாய்வான கோணத்தில் தொட்டு அதன்மேல் ஏறிவிடுகிறது. மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கும் விடை இதுவே. டயரின் அகலமோ 90 மி.மீ.தான், பொடிமண்ணில் அகலமான டயர் மேலே மிதந்து அலைய, இது மண்ணைக் கிழித்து அடியிலுள்ள கெட்டித்தரையைத் தேடுகிறது. ரிம் ஸ்போக் கம்பிகளால் கட்டப்பட்டிருப்பதால் அடியை வளைந்து வாங்கிக்கொள்கிறது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. உடம்புக்குத் தெரியவந்தது நான்காவது நாள். புதுச்சத்திரம் அருகே ஒரு பண்ணைக்குப் போகும் தடத்தில், பழைய வண்டியில் முதல் கியரில் காலைத் தேய்த்துக்கொண்டே கடக்கும் சரளைப் பகுதி ஒன்று உண்டு. அங்கே இரண்டாம் கியரில், இருக்கையிலிருந்து எழுந்து, கால்மிதிகளில் நின்றபடி, முழங்கால்களால் டேங்கைப் பிடித்துக்கொண்டு போனேன். வண்டி எனக்குக் கீழே தானாக ஆடியது, நான் ஆடவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால், முன்சக்கரம் தனக்கான வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது என்பதைப் பதினோரு ஆண்டு ஓட்டியும் நான் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பெருமை அன்று மாலையே முடிந்தது. மழை பெய்து ஓய்ந்த தடம். லாரிச் சக்கரம் உழுத பள்ளம் ஒன்றின் விளிம்பில், எதிரே வந்த ஆடுகளுக்கு வழிவிட வண்டியை நிறுத்தினேன். வழக்கம்போல் இடது காலை ஊன்றினேன். கால் போன இடத்தில் தரை இல்லை, பள்ளம்தான் இருந்தது. 159 கிலோவும் ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் பிறகு பிடித்து நிறுத்துவதற்கில்லை. மெதுவாக, மிக மரியாதையாக, வண்டியும் நானும் சாய்ந்து படுத்தோம். கைக்காப்பு இருந்ததால் கிளட்ச் லீவர் தப்பித்தது. இண்டிகேட்டரில் ஒரு கீறல், என் முழங்கையில் ஒரு கீறல்.

கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தவாக்கில் தூக்க முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பண்ணையில் முட்டை ஏற்றும் பெரியவர் ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு தீவன மூட்டை, பின்னால் கயிறு கட்டிய முட்டை அட்டைகள், அட்டைக்கு முப்பது முட்டை. நான் விழுந்த அதே பள்ளத்தின் விளிம்பில், காலை ஊன்றாமலேயே வந்து நின்றார். "வண்டிக்கு முதுகக் காட்டி நில்லுங்க சார். சீட்டுல இடுப்ப முட்டுக்குடுத்து, ஒரு கை ஹேண்டில்பாரு, ஒரு கை பின்னாடி கம்பி. கால்ல எந்திரிங்க, முதுகுல எந்திரிக்காதீங்க" என்றார். தீவன மூட்டை தூக்கும் முறையும் அதுவாம். வண்டி எழுந்துவிட்டது. பிறகு அவர் எக்ஸ்பல்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல உசரமா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லி, ஒரு முட்டையும் உடையாமல் கிளம்பிப் போனார். தமிழ்நாட்டில் உண்மையான டூயல் ஸ்போர்ட் எது என்று யாராவது என்னைக் கேட்டால், இனிமேல் பதில் சொல்வதற்கு முன் சற்று யோசிப்பேன்.

நெடுஞ்சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் மணிக்கு 75, 80 கிலோமீட்டரில் வண்டி நிம்மதியாகப் போகிறது. ஐந்தே கியர்கள் என்பதால் அதற்கு மேல் போகப் போக எஞ்சின் தன் உழைப்பைக் காலுக்கும் கைக்கும் அறிவிக்கிறது. ஆம்னி பேருந்து கடக்கும்போது உயரமான உடம்பைக் காற்று தள்ளுவதும் தெரிகிறது. 19 பிஎஸ் வண்டியிடம் நூறில் நிற்காமல் ஓடு என்று கேட்பது நியாயமில்லை. அவசரமாகச் சேலம் போகப் பேருந்து இருக்கிறது.

முதல் சர்வீஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொல்லிமலைக்குப் புறப்பட்டேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வளைவுகள் வரை வண்டியோடு நான் வாதாடிக்கொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும். பெரிய முன்சக்கரம் திரும்பத் தாமதிக்கிறது. பழைய வண்டியைப் போல் உடம்பைச் சாய்த்தால் மட்டும் கேட்பதில்லை. வண்டியைக் கீழே சாய்த்து, உடம்பைச் சற்று நிமிர்த்தி, அகலமான ஹேண்டில்பாரின் உட்புற முனையை மெல்லத் தள்ளினால் கேட்கிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியர் போதும், ஆனால் எஞ்சின் வேகத்தை விழவிடக் கூடாது. இதன் முழு இழுவை நிமிடத்துக்கு 6,500 சுற்றுகளில்தான் கிடைக்கிறது, அடியில் சோம்பலாகவே இருக்கிறது. இருபதாவது வளைவுக்கு மேல் இருவரும் சமாதானமாகிவிட்டோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரை மேல் அமர்ந்த சிலை இருக்கிறது. கொல்லியை ஆண்ட அந்த வள்ளலின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பார்கள். வண்டிக்குப் பெயர் வைக்கும் பழக்கம் எனக்கில்லை. இருந்தாலும் சிலையின் எதிரே மிளகுத்தூள் தூக்கலான சூப் ஒன்றைக் குடித்தபடி நிற்கையில், ஓரியும் உயரமான வாகனத்தில்தான் ஏறினான் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன். சாலையிலிருந்து பிரிந்து போகும் மண்தடங்கள் பல கண்ணில் பட்டன. அவற்றில் சில காப்புக்காட்டுக்குள் போகின்றன. எந்த வழியிலும் போகும் வண்டி கையில் இருக்கிறது என்பதற்காக எந்த வழியிலும் போய்விட முடியாது; சோளக்காடு தாண்டி ஓர் ஊர்த்தடத்தில், ஊரார் வண்டிகள் போகும் தூரம் வரை மட்டும் போய்த் திரும்பினேன்.

இறக்கத்தில்தான் பிரேக்கைப் பற்றிக் கற்றேன். முன் பிரேக்கை அழுத்தினால் நீண்ட ஃபோர்க் அமுங்கி, வண்டி மூக்கை ஆழமாகக் குத்துகிறது. முதல் நாள் இது அச்சமூட்டும், பிறகு மெதுவாக அழுத்தத் தொடங்கிவிடுவோம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டுமே. மண்ணில் இதை நான் குறையாக நினைக்கவில்லை, பின்சக்கரம் சற்று வழுக்கி நிற்பது அங்கே உதவுகிறது. ஆனால் தார்மேல் மணல் சிதறிக் கிடந்த ஒரு வளைவில் பின்சக்கரம் இறுகி அரை அடி விலகியபோது, பின் பிரேக்கில் என் கால் எவ்வளவு முரடானது என்பது புரிந்தது. ஏபிஎஸ்ஸில் சாலை, மண்பாதை, ராலி என்று மூன்று நிலைகள் உண்டு. இதுவரை முதல் இரண்டைத் தாண்டவில்லை, மூன்றாவதற்கு எனக்குத் தகுதியும் இல்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்காக: டேங்க் 13 லிட்டர் பிடிக்கிறது, என் கலவையான ஓட்டத்தில் லிட்டருக்கு 38 கிலோமீட்டர் கிடைக்கிறது, பழைய வண்டி 55 கொடுத்தது. செயினில் புழுதி அப்பிவிடுவதால் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. பெரிய மாற்றம் டியூப். ஸ்போக் சக்கரம் என்பதால் டியூப் டயர்தான்; ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயரைப் போல் குச்சியைச் செருகிவிட்டுப் போக முடியாது. லாரிகளால் வாழும் ஊர் என்பதால் நாமக்கல்லில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் முதல் பஞ்சரின்போது கடைக்காரர், "இந்தக் காலத்துல டியூப்பு வண்டியாங்க வாங்கினீங்க?" என்று இரங்கிக் கேட்டார். அவரிடமே இரண்டு டயர் நெம்பியும் உபரி டியூப் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டேன். பண்ணைத் தடத்துக்கு நாலு பவுண்டு காற்றைக் குறைத்தால் டயர் மண்ணை நன்றாகப் பற்றும் என்பதும் அவர் சொன்னதே. கூடவே, ஊர் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிக்கொள்ளவும் சொன்னார். இதுவரை இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

மனைவி பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு ஒருமுறை வந்தார். ஏறுவதற்கு எங்கள் வீட்டுத் திண்ணை உதவியது. இறங்குவதற்குக் கோயில் வாசலில் திண்ணை இல்லை. அதற்குப் பிறகு அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் நான் உட்கார்ந்து போகிறேன்.

சீட் தைப்பவர் ஒருவர், பஞ்சை ஓர் அங்குலம் செதுக்கிவிட்டால் கால் நன்றாக ஊன்றும் என்கிறார். செதுக்கினால் நீண்ட தூரம் உட்கார வலிக்கும் என்று இன்னொருவர் எச்சரிக்கிறார். இரண்டாவது சர்வீஸ் வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். அதற்குள் இடது பூட்ஸின் முனை மட்டும் வெளுக்கத் தொடங்கிவிட்டது.