ஒரு வீட்டு விலாசமும் என் ஆறு பக்கக் கட்டுரையும்

கணவரின் வேலைக்காக அமெரிக்கா வந்து பத்து வருடம் கழித்துத்தான் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். அக்கவுண்டிங்கைச் சமாளித்துவிட்டேன். கட்டாயப் பாடமான ஆங்கிலக் கட்டுரை வகுப்பில்தான் மாட்டிக்கொண்டேன். செமஸ்டர் முழுக்க ஒரே தலைப்பு: அமெரிக்காவில் ஓட்டுரிமை. அதைப் பற்றிய ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு, கேட்பவர்களை அது எப்படித் தன் பக்கம் இழுக்கிறது என்று ஆறு பக்கம் எழுத வேண்டும். குறைந்தது ஐந்து ஆதாரங்கள் வேண்டும், விக்கிப்பீடியா கணக்கில் வராது.

பேச்சுதானே, நமக்குத் தெரியாததா என்று ஒரு தெம்பு இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப்போட்டி மேடை ஏறி, சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் நான். அதனால் யோசிக்காமல் பெரிய பேச்சாகவே எடுத்தேன். அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய எட்டாம் நாள், 1965 மார்ச் 15 அன்று, ஓட்டுரிமைச் சட்டம் வேண்டும் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், பேசியது. போராட்டக்காரர்களின் பாட்டு வரியையே எடுத்து 'நாம் வெல்வோம்' என்று சொன்னாரே, அதுதான். அரிஸ்டாட்டிலின் எதோஸ் (பேசுபவர் மேல் நம்பிக்கை), பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) மூன்றையும் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி இது எதோஸ், இது பேதோஸ் என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தேன்.

திரும்பி வந்த தாளில் ஓரமாக ஒரு வரி: "பெயர் வைத்துவிட்டாய், சரி. இந்த வாக்கியம் யாரிடம் என்ன வேலை செய்கிறது?" அதோடு, '1965 சட்டம் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது' என்று நான் எழுதியிருந்ததைச் சுற்றி ஒரு வட்டம்.

வட்டம் போட்டது நியாயம்தான். நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்று 15ஆவது திருத்தம் 1870லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தென் மாநிலங்கள் வழி கண்டுபிடித்தன. மிசிசிப்பியில் பெயர் பதியப் போனால், மாநில அரசியல் சட்டத்திலிருந்து பதிவாளர் ஒரு பிரிவை எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து எழுதி, விளக்கமும் எழுத வேண்டும். தேறினாயா இல்லையா என்று முடிவு செய்பவரும் அவரே. 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான சட்டம் அந்த மாதிரி இடங்களில் இந்தத் தேர்வுகளை நிறுத்தி வைத்தது. தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன் வாஷிங்டனில் அனுமதி வாங்கு என்றும் சொன்னது. எந்தெந்த இடங்களுக்கு இந்த அனுமதி தேவை என்று கணக்கிடும் சூத்திரத்தை 2013இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரத்து செய்ததெல்லாம் எனக்கு இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் தெரியும். மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை வீசி எறிவது போல இது என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய மறுப்புத் தீர்ப்பைப் படித்ததும், தலைப்பையே மாற்றலாமா என்றுகூடத் தோன்றியது. நாள் இல்லை.

அப்புறம் லைப்ரரியனிடம் அரை மணி நேரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். நான் தேடியதில் லட்சக்கணக்கில் வந்து விழுந்ததைக் காட்டினேன். மேற்கோள் குறிக்குள் சொற்றொடரைப் போடு, வருடத்தைக் குறுக்கு என்று சொல்லிக் கொடுத்தார். அதைவிட உதவியது வேறொன்று: நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அடிக்குறிப்பை நூல் பிடித்துப் போ என்றார்.

அப்படிப் போனதில்தான் ஃபேனி லூ ஹேமர் வந்து சேர்ந்தார். 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டி, ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே உள்ள குழு வந்திருக்கிறது, அவர்கள் இடத்தில், கறுப்பின மக்களும் சேர்ந்த எங்கள் அணியை உட்கார வையுங்கள் என்று, யார் பிரதிநிதி என்று முடிவு செய்யும் தகுதிக் குழுவிடம் சாட்சி சொல்கிறார். பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அதிபர் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி கேமராக்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்த அதிபர்? ஏழு மாதம் கழித்து 'நாம் வெல்வோம்' என்ற அதே ஜான்சன். (அன்றிரவு செய்தியில் ஹேமரின் பேச்சை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அது வேறு கதை.)

ஜான்சனை அன்றைக்கே ஓரங்கட்டினேன்.

ஹேமரின் பேச்சு எட்டு நிமிடம்தான். ஆனால் லேபிள் ஒட்ட இடமே கொடுக்கவில்லை. அடுக்குமொழி இல்லை, உவமை இல்லை. 1962 ஆகஸ்ட் 31, வாக்காளராகப் பெயர் பதியப் பதினெட்டு பேர், இருபத்தாறு மைல், இண்டியனோலா கோர்ட். திரும்பும் வழியில் பஸ்ஸின் நிறம் தப்பு என்று டிரைவர் மேல் வழக்கு. பதிவை வாபஸ் வாங்கு என்ற தோட்ட முதலாளியிடம், "நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்கிறார். இதில் என்ன அலங்காரத்தைப் பிடிப்பது?

ஒரு ராத்திரி சமையலறையில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "என் பெயர் மிஸஸ் ஃபேனி லூ ஹேமர், நான் 626 ஈஸ்ட் லாஃபயெட் தெரு, ரூல்வில், மிசிசிப்பியில் குடியிருக்கிறேன்" என்று ஆரம்பிக்கிறார். ஒன்பது வயது மகள் ஹோம்வொர்க்கிலிருந்து நிமிர்ந்து, "அம்மா, டிவியில் போய் யாராவது வீட்டு அட்ரஸ் சொல்வாங்களா?" என்றாள்.

தோசை தீய்ந்தது.

பதிவுக்குப் போன பத்தாம் நாள், அவர் தங்குவார் என்று நினைத்த வீட்டில் பதினாறு குண்டுகள் பாய்ந்தன. அதையும் அதே பேச்சில் சொல்கிறார். அப்படிப்பட்டவர் நாடு முழுக்கக் கேட்க, கதவு எண்ணைச் சொல்லித் தொடங்குகிறார். அதே வாக்கியத்தில், தன் கவுண்டிதான் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) செனட்டர் ஈஸ்ட்லண்டின் ஊர் என்கிறார். யார் இந்த ஈஸ்ட்லண்ட் என்று தேடினேன். அந்தக் கவுண்டியிலேயே பெரிய பருத்தித் தோட்டம் வைத்திருந்தவர், செனட் நீதிக்குழுவின் தலைவர், சிவில் உரிமை மசோதாக்களுக்கு எதிரி. அப்புறம் அந்த 'மிஸஸ்'. மிசிசிப்பி வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அந்த மரியாதை கிடையாது. குழு கொடுக்காத இடத்தை அவரே முதல் வரியில் எடுத்துக்கொண்டுவிட்டார். நானும் குடிமகள்தான், நானும் அதே கவுண்டிதான் என்று.

முதல் இரண்டு பக்கத்தையும் அந்த ஒரே வாக்கியத்துக்குக் கொடுத்தேன். ஒரு தளத்தில் இருந்த எழுத்து வடிவத்தில் அவர் இலக்கணத்தைத் திருத்தி வைத்திருந்தார்கள். ஒலிப்பதிவோடு ஒத்துப் பார்த்து, அவர் சொன்னபடியே மேற்கோள் எழுதினேன்.

'ஏ மைனஸ்' கிடைத்தது. மதிப்பெண் போனது எம்.எல்.ஏ. முறையில். சட்டசபை எம்.எல்.ஏ. இல்லை, ஆதாரப் பட்டியல் போடும் முறைக்கு இங்கே அந்தப் பெயர். ஹேமர் பேசிய தேதியைப் போட வேண்டிய இடத்தில், நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த தேதியைப் போட்டிருந்தேன்.