எந்தக் கட்சி நீ?

"நீ எந்தக் கட்சி?" என்று என் மகளிடம் கேட்டார் அப்பா. "எந்தப் பிரச்சினைக்கு, தாத்தா?" என்று திருப்பிக் கேட்டாள் அவள். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. ஆயுசு முழுக்க ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர். கட்சி மாறுவது அவர் கணக்கில் குணக்கேடு.

அவரிடம் ஒரு விசித்திரம். எதிர்க்கட்சிக்காரரோடு சிரித்துப் பேசுவார். சொந்தக் கட்சியின் இன்னொரு கோஷ்டி என்றால் முகம் கொடுக்கமாட்டார். பங்காளிச் சண்டைக்கே உரிய கசப்பு அது. 1860 அமெரிக்கத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு நடந்ததும் இதுதான். அடிமை முறை விஷயத்தில் வடக்கு, தெற்கு என்று பிளந்து, டக்ளஸ், பிரெக்கின்ரிட்ஜ் என இரண்டு வேட்பாளர்கள். ஜெயித்தவர் குடியரசுக் கட்சியின் லிங்கன், சுமார் 40 சதவீத வாக்குகளோடு!

"அந்த லிங்கனே கட்சி மாறியவர்தான், முன்பு விக் என்ற பழைய கட்சியில் இருந்தவர்" என்று அப்பாவைச் சீண்டினேன்.

"கட்சியே கரைந்துபோனால் மனுஷன் என்ன செய்வான்?" என்றார். சரி, நியாயம்தான்.

இடது, வலது என்ற பெயர்களே 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தவை என்றதும் மகள் சிரித்தாள். "நாற்காலிக்கா இத்தனை அடிதடி?"

எந்த முத்திரையும் வேண்டாம் என்கிற அவள்தான் போன வாரம் ஒரே ஒரு பதிவுக்காக நெடுநாள் தோழியை பிளாக் செய்தாள். அப்பா விடவில்லை.

"அந்தப் பொண்ணு எந்தக் கட்சி?"

"தெரியாது தாத்தா. கேட்டதே இல்லை."