காண்டம் கிழிந்த இரவுக்குப் பிறகு 12 வாரம்

கிழிந்ததே எனக்கு முடிந்த பிறகுதான் தெரிந்தது. உடனே பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டு எரிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவினேன், அதுவே தப்பாம், தோல் உரிந்தால் இன்னும் மோசம், தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் போதும் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். எச்ஐவி வந்திருக்குமோ என்று இரவு முழுக்க போனில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டு கிடந்தேன். கர்ப்பத் தடை மாத்திரை வேண்டுமே என்று அவள்தான் யோசித்து வாங்கிப் போட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை, இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

டாக்டர் ஒழுக்கம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை மணி நேரம் ஆச்சு, எந்த மாதிரி உறவு, புண் ஏதாவது இருந்ததா, அவங்க எச்ஐவி நிலை தெரியுமா, இவ்வளவுதான் கேட்டார். அவளுக்கு எச்ஐவி இருந்து, ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால் உறவால் பரவாது, கவலையே வேண்டாம் என்றார். அவள் கடைசியாக டெஸ்ட் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல், அதனால் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. துணைக்கு எச்ஐவி இருந்து சிகிச்சை இல்லாவிட்டாலும், யோனி வழி உறவில் ஆணுக்குத் தொற்றுவது 10,000 தடவைக்குச் சுமார் 4, ஆசனவாய் வழியாக உள்வாங்குகிறவருக்குச் சுமார் 138 என்றார். நான்கு ரொம்பக் குறைவுதான், ஆனால் பயந்துபோன மனசு அந்த நான்கில் ஒன்று நான்தான் என்கிறது.

இப்படி நடந்த பிறகு எச்ஐவி தொற்றாமல் தடுக்க எடுக்கிற பெப் (PEP) மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் போனபோது 20 மணி நேரம் ஆகியிருந்தது. உங்க விஷயத்தில் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன் என்றார். எடுத்துக்கொண்டேன். 28 நாள், ஒரு நாளும் விடக்கூடாது. முதல் வாரம் குமட்டல், அப்புறம் பழகிவிட்டது.

அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும் நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் அக்கா, "தம்பி, இது நேத்து ராத்திரிக்கான ரிசல்ட் இல்ல, அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு" என்றார். சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். சாதாரணமாக ஆன்டிஜெனையும் (வைரஸின் ஒரு பகுதி) ஆன்டிபாடியையும் (அதை எதிர்த்து உடம்பு உருவாக்குவது) சேர்த்துப் பார்க்கிற எச்ஐவி லேப் டெஸ்ட்டுக்கு 45 நாள் போதும், வீட்டில் செய்கிற கிட்டுக்கு 90 நாள் வரை ஆகும். பெப் எடுத்தால் தொற்று தெரிய வருவது தள்ளிப்போகலாம் என்பதால் எனக்கு 6 வாரத்தில் ஒன்று, 12 வாரத்தில் ஒன்று. அதுவரை ரத்த தானம் கிடையாது, காண்டம் இல்லாமல் உறவும் கிடையாது.

நடுவில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். வெறும் சளி.

12வது வார ரிசல்ட்டும் நெகட்டிவ். அவளும் டெஸ்ட் எடுத்திருந்தாள், அதுவும் நெகட்டிவ். அன்று கிழிந்த காண்டம் மாதக்கணக்கில் என் பர்ஸில் மடங்கிக் கிடந்தது. சூட்டிலும் உரசலிலும் ரப்பர் வீணாகிவிடும் என்று கவரிலேயே போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.