லூப்புக்கு வெளியே நின்ற விசை

இயற்பியல் கற்பித்தலில் கணினியின் பங்கு, இதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு. ஆரம்ப வருடங்களில் சிமுலேஷன்கள்தான் செய்துகொண்டிருந்தேன். மாணவர்கள் பட்டனை அழுத்துவார்கள், திரையில் அலை ஓடும், எல்லோருக்கும் திருப்தி. அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெரர் என்ற மாணவர் 2000-இல் உருவாக்கிய விபைத்தான் என்ற நிரல் எழுதும் கருவி கைக்கு வந்த பிறகுதான் என் பாதை மாறியது. முப்பரிமாணப் படத்தை அது பார்த்துக்கொள்ளும். விசை, உந்தம், நிலை என்று இயற்பியலை எழுதினால் போதும். மாணவர்களையே எழுதவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் இரண்டு மாணவிகள் எழுதிய கோள் சூரியனைச் சுற்றாமல், எறிந்த பந்து மாதிரி பரவளையத்தில் போய்விட்டது. விசையைக் கணக்கிடும் வரி, திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப்புக்கு வெளியே இருந்தது. உள்ளே தள்ளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, ஏன் வெளியே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுதான் ஈர்ப்பு விதி ஆச்சே சார், ஒரு தடவை சொன்னா போதாதா?"

எவ்வளவு நியாயமான கேள்வி! காகிதத்தில் சமக்குறி எப்போதும் உண்மை. நிரலில் அந்த வரி ஓடும் கணத்துக்கு மட்டும்தான். சரி, விசையைக் கோளின் மேல் அம்புக்குறியாக வரைந்து பாருங்கள் என்றேன். கோள் நகர்ந்தது, அம்பு திசை மாறவே இல்லை. "சூரியன் இங்க இருக்கு, இது ஏன் அங்க காட்டுது?" என்றாள் ஒருத்தி. வரியை அவளே உள்ளே தள்ளினாள்.

அன்றிலிருந்து சரியாக ஓடும் நிரல்களைவிடத் தவறானவற்றைத்தான் அதிகம் சேர்க்கிறேன். உதாரணமாக, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் பழைய உந்தத்தை வைத்துக் கோளின் நிலையை மாற்றினால் கோள் மெல்ல வெளியே விலகும். புதிய உந்தத்தை வைத்தால் பாதை நிலைத்து நிற்கும். 1981-இல் இயற்பியலாளர் ஆலன் குரோமர் இதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதக் காரணம், ஒரு பள்ளி மாணவி தற்செயலாக வரிகளை இடம் மாற்றி எழுதியதுதான்.

இப்போது ஏஐ-யிடம் கேட்டால் விசை லூப்புக்குள்ளேயே இருக்கும் நிரல் வந்துவிடுகிறது. அந்த மாணவி கேட்ட கேள்விக்கே இடமில்லாமல் போகிறது, அதுதான் என் கவலை. அதனால் இந்தப் பருவத்தில் தவறான நிரலை நானே கொடுக்கிறேன். ஓட்டுவதற்கு முன், கோள் எப்படிப் போகும் என்று ஒவ்வொருவரும் காகிதத்தில் வரைந்து தர வேண்டும்.