கல்லறை நிலமும் 10 நாள் கெடுவும்

கடலூரை ஒட்டிய எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) கல்லறைத் தோட்டத்தையும் அதன் பின்புற நிலத்தையும் வணிக வளாகத்துக்குக் குத்தகைக்கு விடும் மறைமாவட்ட ஆயரின் ஆணை வந்ததும், பங்கு மக்களில் ஒரு சாரார் நீதிமன்றம் என்றார்கள், மறு சாரார் உரோமை (வத்திக்கான்) என்றார்கள். ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர்தான் வழியைச் சொன்னார்: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1734ஆம் விதிப்படி, ஆணையைத் திரும்பப் பெறக் கோரும் மனுவை முதலில் ஆணையிட்டவரிடமே 10 நாள்களுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அம்மனுவே ஆணையை நிறுத்திவைக்கும் கோரிக்கையாகவும் கொள்ளப்படும்.

பட்டா மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தது. ஆனால் 1256ஆம் விதிப்படி சொத்து அதை முறையாகப் பெற்றவருக்கே உரியது. பங்கும் சட்டப்படி ஓர் உரிமையாளராக இருக்க முடியும். ஆகவே நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் தானப் பத்திரத்தின் நகல் எங்களுக்கு வேண்டும். சார்பதிவாளர் அலுவலக எழுத்தரோ கணினியைப் பார்த்துவிட்டு, “பதிவு எதுவும் இல்லை” என்று திருப்பியனுப்பினார். கணினியில் பழைய பதிவுகள் எல்லாம் கிடைக்காது, பழைய புத்தகங்களில் தேடத் தனியே மனுச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தால் ஒரு பகல் மிஞ்சியிருக்கும்; அதை வாசலில் அமர்ந்திருந்த பத்திர எழுத்தர் சொன்னார். நகல் கைக்கு வந்தபோது, ‘பங்கின் கல்லறைக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும்’ என்ற வரி தெளிவாக இருந்தது. கொடையாளரின் விருப்பத்தை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1300ஆம் விதி.

அடுத்த சிக்கல் கையொப்பம். பங்கின் சார்பில் பேசும் அதிகாரம் 532ஆம் விதிப்படி பங்குத்தந்தைக்கே உண்டு. தம்மை மாற்றும் அதிகாரமுள்ள ஆயருக்கு எதிராக அவர் தயங்கியதைக் குறை சொல்ல மாட்டேன். பங்கு மக்களின் பேரவையின் பெயரில் எழுதினால் தள்ளுபடியாகலாம் என்பதால், பாதிக்கப்பட்ட விசுவாசிகளாக ஒவ்வொருவரும் தனித்தனியே கையொப்பமிட்டோம்.

மனுவை வாங்கிக்கொண்ட ஊழியர் தேதியிட்ட ஒப்புகை தர மறுத்தார். வாய்ச்சொல்லை நம்பித் திரும்பாமல், இன்னொரு படியை அன்றே ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் சேர்த்தோம். கெடுவுக்குள் கொடுத்தோம் என்பதற்குப் பின்னர் அந்த அட்டைதான் சாட்சியானது. பதில் வராமல் 30 நாள் கடந்தால், அன்றிலிருந்து 15 நாள்களுக்குள் உரோமைக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால் அதற்கான கடிதத்தையும் எழுதி வைத்திருந்தோம்.

அது தேவைப்படவில்லை. திருத்திய ஆணையில் கல்லறைப் பகுதி குத்தகையிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. பின்புற நிலத்தின் குத்தகை வருமானம் பள்ளிக்குப் போகுமா, மறைமாவட்டப் பொதுநிதிக்குப் போகுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பங்கு நிதிக்குழு இம்முறை கூட்டக் குறிப்பில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிவிடுகிறது.