உங்களுக்கு எவ்வளவு மேம் பிடிக்கிறாங்க?

கல்லூரிகளில் நான் எடுக்கும் பே ஸ்லிப் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. ரெஸ்யூம், குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் நான் பேசும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சு, பலகையில் 2,28,000 என்று எழுதியதும் நிமிர்ந்துவிடும். ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 2.28 லட்சம் என்று இருந்தால் மாதம் கைக்கு எவ்வளவு வரும்? வகுத்தால் 19,000. அதில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) போக 17,000. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்தால் அதில் 12 சதவீதம், அதாவது 1,440, இவர்கள் பங்கு பிஎஃப். இஎஸ்ஐ முக்கால் சதவீதம், 128 ரூபாய். கடைசியில் நிற்பது 15,432. இந்த இடத்தில் எல்லா பேட்ச்சிலும் ஒரு முனகல் எழும், நான் அதற்காகக் காத்திருந்து சிரிப்பேன், அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

அடுத்த பக்கம் எனக்குப் பிடித்த பக்கம். வட்டி விகிதத்தால் 72-ஐ வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டு கிடைக்கும். பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், ஆக ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. 22 வயதில் முதல் வருடம் இவர்கள் பங்கும் கம்பெனி பங்கில் ஒரு பகுதியுமாகச் சேரும் இருபத்திரண்டாயிரம் சொச்சத்தைத் தொடாமல் விட்டால் 58 வயதில் அது மட்டுமே மூன்றரை லட்சத்தைத் தாண்டும். நான் நன்றாகவே சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்றைக்கு நடு வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "இந்த 1,440-ஐ வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாமா மேம்?"

முடியாது என்றேன். அடிப்படைச் சம்பளம் 15,000-க்குள் இருந்தால் பிஎஃப் கட்டாயம், விருப்பம் எல்லாம் கிடையாது. கட்டாயமாக இருப்பதே நல்லது, இல்லையென்றால் யாருமே சேர்க்க மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் விடவில்லை. ஊரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை இருக்கிறதாம், 12,000, பிடித்தம் எதுவும் இல்லை, கையில் கொடுத்துவிடுவார்கள். ஃபேக்டரியில் 15,432. அதில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 போனால் 12,932. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போனால் அந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சமும் பஸ்ஸோடு சரி. இதையெல்லாம் நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். நான் மூன்று வகுப்புகளாகச் சொல்லிக்கொடுக்க முயன்ற பட்ஜெட் இதுதான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

நான் ஃபேக்டரி பக்கம்தான் பேசினேன். பிஎஃப்பில் கம்பெனியும் இன்னொரு 1,440 போடுகிறது, அதில் ஆயிரம் பென்ஷனுக்கும் 440 உன் கணக்குக்கும் போகிறது. இஎஸ்ஐ இருந்தால் உனக்கு மட்டுமில்லை, உன்னை நம்பியிருக்கிற அம்மாவுக்கும் வைத்தியம் கிடைக்கும். கடை முதலாளி கொடுப்பாரா? இப்போதும் இதையேதான் சொல்வேன். அதன் பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், எந்தக் குத்தலும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக.

"உங்களுக்கு எவ்வளவு மேம் பிடிக்கிறாங்க?"

எனக்கு பிஎஃப் பிடிப்பதில்லை. நான் எந்தக் கம்பெனியிலும் ஊழியர் இல்லை. ஒரு பயிற்சி நிறுவனம் வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. நான் இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும், அவர்கள் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டு மீதியை அவர்களுக்குத் தோன்றும்போது போடுவார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பத்து சதவீதமும் திரும்பி வரும், ஏனென்றால் வரி கட்டும் அளவுக்கு எனக்கு வருமானம் இல்லை. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் காசும் இல்லை. ஜவுளிக்கடைக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம், என்னை கன்சல்டன்ட் என்று கூப்பிடுகிறார்கள்.

"எனக்கு வேற மாதிரிக் கணக்கும்மா, நான் கன்சல்டன்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டினேன். அவள் "ஓ" என்றாள்.

பொய் சொல்லவில்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அதோடு உண்மையை முழுக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். அறுபது பெண்கள் இருக்கிற வகுப்பில், முதல் தலைமுறையாகக் கல்லூரி வந்தவர்களே முக்கால்வாசி இருக்கும் இடத்தில், இங்கிலீஷும் ஸ்லைடும் வைத்துக்கொண்டு நிற்கிற மேடத்துக்கே பிஎஃப் இல்லை என்றால், பிஎஃப் இல்லாமல் இருப்பதுதான் மேலே போன நிலை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஆசிரியர் தன் கதையைச் சொன்னால் பாடம் கதை பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் இதையும் நான் வசதிக்காகச் சொல்லிக்கொள்கிறேனோ என்று இருக்கிறது. ஏனென்றால், பிஎஃப் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு அந்த அறையிலேயே நல்ல உதாரணமாக நான் இருந்தேன், அதை மட்டும் விட்டுவிட்டு 58 வயதுக்கு ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்து வராந்தாவில் அவளாகவே வந்து மீதியைச் சொன்னாள். அம்மா தெருவில் ஒரு சித்தியிடம் அறுபதாயிரம் வாங்கியிருக்கிறார், மூன்று வட்டி. மாதம் 1,800 வட்டி மட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் இவள் கணக்குக்கு வரும் ஆயிரம் அப்படியே அங்கே போகிறது, டிகிரி முடிந்தால் அதுவும் நிற்கும். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம் என்று நான் முந்தின வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்பதையும் சொல்லியிருந்தேன், அதற்கு வகுப்பே சிரித்தது வேறு விஷயம். சித்திமேல் யார் புகார் கொடுப்பார்கள், நாளைக்கு ஆஸ்பத்திரி என்றால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் திறப்பது பேங்க் மேனேஜரா?

"எட்டு மாசம் வேலை பார்த்துட்டு நின்னா பிஎஃப் எடுத்துடலாம்னு ஹாஸ்டல் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க மேம். எடுத்து அசல்ல கட்டலாமா?"

36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 8.25 சதவீதத்தில் சேமிப்பதா என்ற கேள்வி இது. கணக்குப்படி அவள் பக்கம்தான் நியாயம். நான் சொன்னது: "அது உன் வயசான காலத்துக்கான பணம்மா, அதைத் தொடாதே. முதல்ல மாசாமாசம் ஒரு ஆயிரத்தை அசல்ல கட்டப் பார்." அவள் தலையாட்டினாள். எதிலிருந்து அந்த ஆயிரம் என்று அவள் கேட்கவில்லை, நோட்டில் அப்படி ஒரு ஆயிரம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அவள் ஃபேக்டரிக்குத்தான் போனாள். நான் சொன்னதாலா, வேறு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. ஒன்பது மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தாள், பிஎஃப் எடுக்கும் படிவம் 19, பென்ஷன் பங்குக்கான 10சி இரண்டும் எப்படிப் போடுவது, ஆதாரில் இருக்கும் இனிஷியலும் யுஏஎன்னில் (பிஎஃப் உறுப்பினர் எண்) இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று. கான்ட்ராக்ட் முடிந்து நிறுத்திவிட்டார்களா, இவளாக நின்றாளா என்று கேட்டேன். "ரெண்டும்தான் மேம்" என்றாள். அன்றைய விதிப்படி இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் முழுதாக எடுக்கலாம். இனிஷியலைத் திருத்துவதிலிருந்து கடைசி வரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், தொடாதே என்று சொன்ன அதே ஆள். பிஎஃப்பும் பென்ஷன் பங்குமாக இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி வந்தது. சித்தி பாதி அசல் வாங்கமாட்டேன் என்று முதலில் முறுக்கிவிட்டு அப்புறம் வாங்கிக்கொண்டாராம். மாத வட்டியில் 750 ரூபாய் குறைந்தது.

நல்ல முடிவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு மாதச் சம்பளம் முப்பதாயிரம் போயிற்றே என்று உடனே அடுத்த கணக்கு வருகிறது. கான்ட்ராக்ட் முடிந்ததால் அந்தச் சம்பளம் எப்படியும் வந்திருக்காது என்று அதற்கு மேல் இன்னொரு கணக்கு. வேறு கம்பெனியில் உடனே சேர்ந்து பழைய யுஏஎன்னையே கொடுத்திருக்கலாம், அப்போது பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடத்தில் அந்த ஒன்பது மாதமும் சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்கும், சரி. பத்து வருடம் ஃபேக்டரியில் நிற்கும் பெண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை. கல்யாணம், குழந்தை, இல்லையென்றால் கான்ட்ராக்டே விடாது. யாருக்காக அந்தப் பத்து வருடத்தைப் பாடமாக வைத்திருக்கிறோம் என்று சில நேரம் கோபம் வருகிறது, பிறகு, இந்தக் கோபத்தையும் வகுப்பில் கொட்டினால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம் என்று அடங்கிவிடுகிறது.

இப்போது பே ஸ்லிப் பக்கத்துக்கு முன்னால் கடன் பக்கம் வைத்திருக்கிறேன். வட்டி எத்தனை, அசல் எத்தனை, யாரிடம், எல்லாம் எழுதிவிட்டுத்தான் சேமிப்புக்கு வரவேண்டும். பயிற்சி நிறுவனத்திலிருந்து, இது பாடத்திட்டத்தில் இல்லையே, நெகட்டிவாக இருக்கிறதே என்றார்கள். இன்வாய்ஸ் நிலுவையில் இருந்ததால் நானும் அதிகம் வாதாடவில்லை, ஆனால் பக்கத்தை எடுக்கவும் இல்லை.

சமீபத்தில் ஒரு பையன்கள் பேட்ச்சில், யாரும் கேட்காமலேயே, எனக்குப் பிஎஃப் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அமைதியாகக் கேட்டார்கள். முன் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ உங்களுக்கு முழுசா கைக்கு வந்துடுது, நல்லதுதானே மேம்" என்றான். முழுசா வராது, பத்து சதவீதம் பிடிப்பார்கள் என்று ஆரம்பித்தேன். அது ஏன், எப்படித் திரும்ப வரும், பான் கார்டு இல்லையென்றால் இருபது சதவீதமா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அன்றைய வகுப்பு முழுக்க டிடிஎஸ்ஸிலேயே போய்விட்டது. பிஎஃப் பக்கத்துக்கு வரவே இல்லை.