ஒரு முத்திரைக்காக மூன்று அக்டோபர் 16

கடைசியில் கிடைத்துவிட்டது. ஊர்ப் பெயர் கயத்தாறு, தேதி 16 அக்டோபர் 2024. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. வட்ட முத்திரையின் கால் பங்கு கட்டபொம்மன் அஞ்சல் தலையின் மேலும் மீதி அட்டையின் மேலுமாக அழகாக விழுந்திருக்கிறது. இதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. நடுவில் இரண்டு நல்ல ஸ்டாம்புகள் பாழாகிப் போயின. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

மேக்சிமம் கார்டு சேர்ப்பவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும். அட்டையின் படம், படத்தின் மேல் ஒட்டிய ஸ்டாம்பு, அதன் மேல் விழும் முத்திரை, மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும். பொருள், இடம், காலம் மூன்றும் பொருந்தினால்தான் அந்த அட்டைக்கு உயிர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல் தலை வந்தது 1999 அக்டோபர் 16. அந்தத் தலைகள் நான்கை அன்றே வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பெரியப்பா, என்னிடம் கொடுத்துவிட்டார். படத்துக்கு, சிவாஜி கணேசன் நிலம் வாங்கி எழுப்பிய கயத்தாறு சிலையை நானே போய் எடுத்துக்கொண்டேன். ஸ்டாம்பு வெளியான நாளை ஒட்டி முத்திரை விழுந்திருக்க வேண்டும் என்று கண்காட்சி நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்தான். குறைத்துக்கொள்ளட்டும். ஊரும் நாளும் எனக்குப் போதும்.

2022இல் போனது வீண் பயணம். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேதியை மட்டுமே மனதில் வைத்திருந்தேனே தவிர, கிழமையைப் பார்க்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு எச்சரிக்கை: திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி, மதுரை பக்கம் போகும் எல்லா பஸ்களும் கயத்தாறு ஊருக்குள் போவதில்லை. கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

2023 திங்கட்கிழமை. அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இடம் பொருந்தாவிட்டாலும் நாளாவது பொருந்தட்டும் என்று, அலுவலகத்துக்குப் பக்கத்திலிருந்த நகரத்து அஞ்சலகம் ஒன்றுக்கு மதியம் ஓடினேன். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

"அனுப்பாத அட்டைக்கு எதற்கு முத்திரை?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். சேகரிப்புக்கு என்று சொன்னேன். "அதெல்லாம் இங்கே கிடையாது. பெட்டியில் போடுங்கள், தானாக விழும்." கெஞ்சினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் எரிச்சலோடு ஓர் அட்டையைப் பிடுங்கி, வெறும் மரமேஜை மேல் வைத்து, பார்சலில் குத்துவதைப் போல ஓங்கிக் குத்தினார். கறுப்பு மை குளமாகத் தேங்கியது. நான் அச்சிட்டிருந்தது பளபளப்பான போட்டோ தாள். அது மையைக் குடிக்காது. நான் கையில் எடுப்பதற்குள் அவருடைய விரல் பட்டு, முத்திரையில் பாதி சிலையின் முகம் வரை இழுபட்டுவிட்டது. தேதியும் இல்லை, ஊரும் இல்லை.

இரண்டாவதை அவர் சொன்னபடியே என் முகவரியை எழுதிப் பெட்டியில் போட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. முத்திரையே இல்லை. யாரோ வழியில் அதைக் கவனித்து, ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று நீலப் பால்பாயின்ட் பேனாவால் கட்டபொம்மனின் மீசைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் ஆல்பத்தில் மடிப்பு விழாமல் இருந்த தலை அது.

"முத்திரை விழுந்தால் மதிப்பு போய்விடுமே" என்று பலர் சொல்வதுண்டு. வெறும் ஸ்டாம்புக்குப் பெரும்பாலும் அது சரி. அட்டைக்கு அப்படியில்லை. பெரியப்பாவிடம் வ.உ.சி. நூற்றாண்டு ஸ்டாம்பு ஒட்டிய அட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் வெளியீட்டு நாளான 1972 செப்டம்பர் 5 பளிச்சென்று தெரியும். மற்றதில் மை அப்பிக் கிடக்கும். ஒரு கண்காட்சியில் வியாபாரியிடம் காட்டினோம். முதல் அட்டையை ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டாவதைப் பத்து ரூபாய்ப் பெட்டியைக் காட்டித் தள்ளிவிட்டார். ஒரே ஸ்டாம்பு, ஒரே வகை அட்டை. கண்காட்சிகளில் நினைவாக விற்கும் சுவனீர் கார்டுகளுக்கும் இதே கணக்குதான். அமெரிக்க அட்டைகளில் அச்சாகியிருக்கும் ஸ்டாம்பு படம் தபாலுக்குச் செல்லாது. அதனால் தனியாக ஸ்டாம்பு ஒட்டி, அந்தக் கண்காட்சியின் சிறப்பு முத்திரையை அங்கேயே வாங்குவார்கள். அது தெளிவாக இருந்தால் அட்டைக்குக் கூடுதல் விலை. வேறு ஊரில், வேறு நாளில் விழுந்த சாதாரண முத்திரையாலோ பேனாக் கோட்டாலோ நல்ல அட்டை கெட்டதுதான் மிச்சம்.

2024 புதன்கிழமை. ஒரு மாதம் முன்பே விடுப்பு சொல்லிவிட்டேன். இந்த முறை பளபளப்பில்லாத, மை உறிஞ்சும் தடித்த தாளில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஸ்டாம்பைப் படத்தின் மேல் மூலையில், முத்திரைக்கு வெளிர் வானம் கிடைக்கும்படி ஒட்டினேன். மடித்த செய்தித்தாள், நான்கு வெள்ளைத்தாள், என்ன வேண்டும் என்று எழுதிய ஒரு விண்ணப்பம். இவ்வளவும் பையில் இருந்தன. கயத்தாறு அஞ்சலகத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. காலைக் கூட்டம் கலைந்திருந்தது, தபால் கட்டும் அவசரம் தொடங்கவில்லை. போவதென்றால் அந்த நேரத்தில் போங்கள்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஊர்ச் சிலைதானே அண்ணாச்சி?" என்றார். வெள்ளைத்தாளில் முதலில் ஒன்று குத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். குத்தினார். மாதத்தின் எழுத்துகள் அடைத்திருந்தன. அவரே ஒரு குண்டூசியை எடுத்து, எழுத்துகளின் இடுக்கில் காய்ந்திருந்த பழைய மையை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்து, துணியால் துடைத்தார். மறுபடி குத்திப் பார்த்தார், தெளிவு வந்தது. மூன்றாவது முறை மை சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அட்டைக்கு வந்தார். அடியில் செய்தித்தாளை விரித்து, முத்திரையை நேராக வைத்து, குத்தாமல் உள்ளங்கையால் அழுத்தி எடுத்தார். நான் மூச்சு விடவில்லை.

"அஞ்சு நிமிஷம் காயட்டும், மேலே எதையும் வைத்துவிடாதீர்கள்" என்று அவரே சொன்னார். அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

திரும்பும் வழியில் லேமினேஷன் போட்டுக்கொள்ளும்படி ஸ்டுடியோக்காரர் சொன்னார். செய்யவே கூடாது. லேமினேஷன் போட்ட அட்டையைச் சேகரிப்பாளர் எவரும் தொட மாட்டார். ஆல்பத்து உறைக்குள் தனியாக வைத்தேன்.

அன்று மாலை பெரியப்பாவிடம் காட்டினேன். லென்ஸை வைத்து ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு தேதி. பிறகு மறுபடியும் ஊர்ப் பெயர். "மிச்சம் இருக்கும் ஒன்றில் கை வைக்காதே" என்றார். அவரிடம் முத்திரை விழாத வ.உ.சி. ஸ்டாம்பு இன்னும் ஒன்று உண்டு. அதற்கு வ.உ.சி. பிறந்த ஊரான ஓட்டப்பிடாரத்தின் முத்திரை வேண்டுமாம், செப்டம்பர் 5 தேதியோடு. காலண்டரைப் பார்த்தேன். 2025இல் அன்று மிலாடி நபி, விடுமுறை. 2026இல் சனிக்கிழமை. அஞ்சலகம் திறந்திருக்கும்.